பட்டப்பகலில் வயரைப் பிடுங்கியவர்

மேடையில் வீற்றிருக்கும் நிலைய இயக்குநர் மெலிஸ் அவர்களே! வண்டிகளை வாசலில் நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கும் ஓட்டுநர்களே! பக்கத்து அறையில் ஒரு காதைப் போனுக்கும் மறு காதை எனக்கும் கொடுத்திருக்கும் தங்கைகளே! வணக்கம்.

கோக்-பெல் ஆம்புலன்ஸ் நிலையத்தின் தலைமை நெட்வொர்க் பொறியாளர், நாம் 'எஜே' என்று வாய்நிறைய அழைத்த அக்கா, புருல் போய்விட்டார். நம்ப முடிகிறதா? மண் போட்ட ஈரம்கூடக் காயவில்லை, நம் அழைப்புகளைக் கடத்தும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகளில், அவர் போராடி வாங்கிய இரண்டாவதைக் கழற்றி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். சும்மா கிடக்கிறதாம்! சும்மாவா? இரண்டு பெட்டியும் பாதிப்பாதி சுமக்கின்றன ஐயா! ஒன்று படுத்தால் மற்றது முழுச்சுமையையும் தூக்கிக்கொள்ளும்.

அந்த ஜோடியைப் பொருத்த பிஷ்கெக்கிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர், அழைப்புக் கணினியின் இரண்டு கேபிளையும் ஒரே பெட்டியில் செருகிவிட்டு, "ரெண்டு கேபிள் இருக்குல்ல எஜே, அப்புறம் என்ன?" என்றார்.

"ரெண்டு கையையும் ஒரே பாக்கெட்டுல விட்டுக்கிட்டுப் பனியில நடந்து பாரு. வழுக்குனா எதை ஊனுவே?"

மனிதர் உடனே பெட்டிக்கு ஒன்றாக மாற்றிச் செருகினார்.

எஜேயின் வழக்கம் தெரியுமல்லவா? அழைப்புகள் குவியும் பட்டப்பகலில், ஒரு பெட்டியின் மின்வயரைப் பிடுங்குவார்! "எஜே, உயிர் போற விஷயம்!" என்று அலறுவோம். "அதனாலதாண்டா இப்பவே புடுங்குறேன். பனிப்புயல் என்ன உன்கிட்ட நேரம் கேட்டுட்டா வரும்?" என்பார்.

போன குளிர்காலம் ஒரு பெட்டி நிஜமாகவே புகைந்தது. அப்போது அழைப்பெடுக்கும் நம் ஜிபெக், கணவாய்க்கு அப்பால் பிரசவ வலியில் துடித்த பெண்ணிடம், "மூச்சை விடும்மா, வண்டி கிளம்பிருச்சு" என்று பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு அறுந்ததா? ஒரு சொல்கூட அறவில்லை! தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எஜே புதுப்பெட்டி கேட்டு வாங்கி ஜோடி சேர்த்த பிறகுதான் ஓய்ந்தார்.

மெலிஸ் அண்ணே, மேடையில் வைத்துக் கேட்கிறேனென்று கோபிக்காதீர்கள். மௌன அஞ்சலி வேண்டாம். வாருங்கள், உங்கள் கையாலேயே ஒன்றைப் பிடுங்குங்கள். பேச்சு அறுந்தால் பெட்டியை இன்றே நான் சுமந்துபோய்க் கொடுக்கிறேன்!

அட, எழுந்துவிட்டார்! வழிவிடுங்கள்! அந்த அழைப்பறைக் கதவைத் திறந்து வையுங்கள்! பிடுங்கியாயிற்றா அண்ணே? எல்லோரும் கேளுங்கள்!

"ஆம்புலன்ஸ்... சொல்லுங்கய்யா... அப்பாவுக்கு நெஞ்சு வலியா? போனை வைக்காதீங்க, நான் இருக்கேன்..."

கேட்டதா? ஜிபெக் பேசிக்கொண்டே இருக்கிறாள்! மெலிஸ் அண்ணன் என்ன சொல்கிறார்?

"செருகுய்யா அதை மறுபடியும்! ரெண்டும் இங்கேயேதான் இருக்கும்!"

புருல் எஜே! இனி மாதந்தோறும், பட்டப்பகலில், நாங்கள் பிடுங்குவோம்!