டென்னிஸ் உட்கார்ந்த கல்

எலுமிச்சம்பழம், கற்பூரம், இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, சார். எங்கள் டீமில் ஃபிரடி பேட்டிங்குக்கு முன் பிட்ச்சில் சிலுவைக்குறி போடுவான். விமல்ராஜ் வல்லக்கோட்டை விபூதியை பேட் பிடியில் தடவுவான். நான் சிரிப்பேன். எனக்கு இருந்தது ஒரே பழக்கம். விக்கெட் விழாமல் ஆட்டம் ஓடும்போது யாரும் உட்கார்ந்த இடத்தை மாற்றக் கூடாது. டிவியில் மேட்ச் பார்க்கும் எல்லா வீட்டிலும் இது உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். மாற்றி விட ரிலீவர் வராமல் லைனில் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. ஒரு நாள் காய்ச்சலோடு விடியும்வரை நின்றேன். சூப்பர்வைசர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா” என்று போனார். அவரிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை. அடுத்த வாரம் வேலையை விட்டேன். அதன்பின் என்னைத் தேடி ஆள் வந்தது கிரிக்கெட்டுக்கு மட்டும்தான். நான் கேப்டன். மூன்று வருடமாக ஃபைனலில் தோற்றிருந்தோம்.

இந்த மே மாத ஃபைனல் வடக்குப்பட்டில், விற்காத மனைகளுக்கு நடுவே நடந்தது. எங்கள் டீமின் டென்னிஸ் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தான். காலையெல்லாம் ஃபீல்டிங் செய்தான். பேட்டிங்கில் முதல் பந்திலேயே அவுட். பவுண்டரிக்கு வெளியே மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல்லில் உட்கார்ந்தான். அதற்குள் என்னுடையதும் சேர்த்து ஆறு விக்கெட் போயிருந்தது. அவன் உட்கார்ந்த பிறகு மூன்று ஓவர் ஒன்றும் விழவில்லை. பிறகு மர நிழலுக்குப் போக எழுந்தான். அடுத்த பந்தில் ஃபிரடி போல்டு.

நான் அவனைத் திரும்பக் கல்லில் உட்கார வைத்தேன்.

“தல சுத்துது இளங்கோ. நெயல்ல குந்திக்கினு பாக்கறேன்டா.”

“நீ எய்ந்ததும் ஃபிரடி பூட்டான், பாத்தல்ல? குந்து மச்சான்.”

“செல மாரி குந்துடா டென்னிசு. ஜெயிச்சா மால போடறோம்,” என்றான் அவுட்டாகி வந்த ஃபிரடி. எல்லோரும் சிரித்தார்கள். டென்னிசும் சிரித்தான்.

தண்ணீர் கேட்டான். ஓவர் முடியட்டும் என்றேன். ஓவர் முடிந்ததும் அடுத்த ஓவர் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வியர்ப்பது நின்றுவிட்டதைக் கவனித்தேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் நிறுத்திய பைக்கின் டேங்க் போலச் சுட்டது.

“ரிலீவர் வந்துட்டானா?” என்று கேட்டான்.

“வந்துக்கினே கீறான்,” என்றேன்.

பைக் சாவி என் பாக்கெட்டில்தான் இருந்தது. படப்பை ஆஸ்பத்திரி கால் மணி நேரம்.

கடைசி ஓவரில் பத்து ரன் வேண்டும். டென்னிஸ் பக்கவாட்டில் சரிந்தான். பின்னால் மண்டியிட்டு அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். தலை என் நெஞ்சில் சாய்ந்தது. நினைவு போய்விட்டது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஆறு பந்தும் அப்படியே பிடித்திருந்தேன். கடைசிப் பந்தை விமல்ராஜ் பவுண்டரிக்கு அடித்தான். எல்லோரும் உள்ளே ஓடினார்கள். நானும் கையை எடுத்துவிட்டு ஓடினேன்.

அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். அந்த அரை மணியில்தான் சார், நாங்கள் ஐம்பத்திரண்டு ரன் எடுத்தோம்.

“ஒரு வாய் தண்ணி குடுக்கறதுக்கு இன்னாண்ணா?” என்று அவன் மனைவி ஷீபா கேட்டாள். அவளுக்கு கிரிக்கெட் தெரியாது.

வெயிலால் செத்தான் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். எழ விடாமல் வைத்தது நான்தான். அதனால்தான் ஜெயித்தோம். இல்லையென்று யாராவது காட்டட்டும். அவன் எழுந்து போய் நாங்கள் தோற்றிருந்தால், டென்னிஸால் அதைத் தாங்கியிருக்க முடியாது.