மூன்றாம் கிணற்றுக்குப் பதினேழு வருடம்

என் மச்சினன் தங்கமான பையன், ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவியின் தம்பி. நான் இருக்கும் நிலத்தடி நீர் அலுவலகத்திலேயே, எனக்குப் பன்னிரண்டு வருடம் கழித்துச் சேர்ந்தான். வீட்டில் மின்விசிறி நின்றுபோனால்கூட, "என் தம்பியக் கேளுங்க, அவன் மூளைக்காரன்" என்பாள் என் மனைவி. இருபது வருடமாக அதே வேலையைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பழைய தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் கழுவிய திரவத்தைக் குழிவெட்டிக் கொட்டியிருந்தார்கள். அது நிலத்தடி நீரில் கரைந்து, குடிநீர் இறைக்கும் மூன்றாம் கிணற்றை எப்போது எட்டும் என்று கணினியில் கணக்கிடும் வேலை அவனுக்கு வந்தது. நாலு வருடம் என்றான். சரிபார்க்க வேண்டியவன் நான். இரண்டு நாள் துருவியும் ஒரு பிசகு கிடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மண்ணில் கரிமச் சத்து கூடக் கூட, நஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும். ஆய்வகத் தாளில் 0.1 சதவீதம் என்று இருந்தது. அதை ஒன்று என்று மாற்றி, தாளையே புதிதாகத் தட்டச்சு அடித்து, அவன் முன்னால் வைத்தேன்.

"ஐயையோ, தப்பாப் படிச்சிருக்கேன் போல. நல்லவேளை நீங்க பாத்தீங்க அத்தான்" என்றான். மறுபடி ஓட்டினான். நாலு வருடம் பதினேழானது. அறிக்கையில் கையெழுத்து அவனுடையது. கிணற்றை மூட வேண்டாம் என்று மேலே முடிவானது.

ஐந்தாம் வருடம் அந்தக் கிணற்று நீரின் சோதனை முடிவு என் மேசைக்கு வந்தது. இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். மச்சினன் வீட்டுக்கும் அதே தண்ணீர்தான். அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். எங்கள் வீட்டில் மட்டும், "குழாய்த் தண்ணி வாய்க்கு விளங்கல, கேன் வாங்கிடு" என்று சொல்லிவைத்தேன்.

குழந்தைக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. அந்தத் தெருவில் அது மூன்றாவது.

விஷயம் வெளியே வந்த அன்று என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "என் கணக்கு அத்தான். என் புள்ளைக்கு நானே விஷத்த ஊத்திட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டு, "விடுடா, யாருக்குத்தான் தப்பு வரல" என்றேன்.

நம்புங்கள் ஐயா, அன்றைக்குத்தான் அவன்மேல் எனக்குப் பாசமே வந்தது.