மூன்றாம் நேர்முகம்

நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்குப் பஸ்ஸில் போகிறவன் ஸ்திரிக்கை போட்ட சட்டையோடு ஏறக்கூடாது. இறங்கும்போது அது சட்டையாக இருக்காது. அதனால் என் மகன் பிரதாபனின் சட்டையைப் பையில் வைத்து நானே மடியில் கொண்டுபோவேன். வவுனியாவில் இறங்கித் தேநீர் குடித்த பிறகுதான் மாற்றச் சொல்வேன். கலியாண வயது தாண்டிய பிள்ளைக்குத் தகப்பன் சட்டை சுமப்பதா என்று நீங்கள் சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர் தம்பி. சிரியுங்கள். எழுதுவதை மட்டும் ஒழுங்காக எழுதுங்கள். என் பெயர் வீரகத்தி.

எங்கள் கமக்காரர் சங்கத்தின் அரிசி ஆலை நிற்கும் காணி என் தகப்பன் தர்மமாகக் கொடுத்தது. அந்த ஆலைக்கு முகாமையாளர் வேண்டும் என்றபோது, அங்கே கிளார்க்காக இருக்கும் என் மகனைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தியிருக்க வேண்டும். அதுதான் முறை. ஆலைக்கு இயந்திரம் வாங்கிக் கொடுத்த நிறுவனம் அப்படிச் செய்யவில்லை. வவுனியாவில் நேர்முகம் வைத்தது.

முதல் நேர்முகத்துக்குக் காலையில் போனோம். பின்னேரம்வரை விறாந்தையில் இருந்தோம். கடைசியில் ஞானேஸ்வரி என்ற கந்தோர்ப் பெண் வந்து, "பெரியவர் கொழும்பிலை நிக்கிறார், ஐயா. இண்டைக்கு நடக்காது. பிறகு அறிவிப்பம்" என்றாள். எங்களுக்குச் சொல்வதற்கு முன்னர் அவள் மூலையில் இருந்த ஒரு பெட்டையிடம் குனிந்து ஏதோ சொன்னதை நான் கவனித்தேன். தண்ணீரும் முதலில் அந்தப் பெட்டைக்குத்தான் போனது. அவள் ராசுவின் மகள் சுமித்திரா.

ராசு மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த குடும்பம். எங்கள் வயலில் கூலிக்கு நின்றவன். பிறகு காட்டோரமாக ஒரு துண்டு வயல் சொந்தமாக்கிக்கொண்டான். அவன் மேல் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. தீபாவளிக்கு வேட்டி கொடுத்திருக்கிறேன். ஆனால் அவனுடைய மகள் முகாமைத்துவம் படித்துவிட்டு வந்து என் தகப்பனின் காணியில் கதிரை போட்டு இருக்க, என் மகன் அவள் முன் நின்று கையெழுத்து வாங்குவதை நான் பார்க்க முடியாது. அதை எந்த மனிதனும் விளங்கிக்கொள்வான்.

இரண்டாம் நேர்முகத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். பிரதாபன் உள்ளே இருக்கும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. நேர்முகத்தில் என்ன சிரிப்பு? திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"என்ன கேட்டவங்கள்?"

"உங்கடை பலவீனம் என்ன எண்டு கேட்டவை."

பெண் கேட்டுப் போன வீட்டில்கூட ஒருவரும் கேட்காத கேள்வி. "நீ என்ன சொன்னனீ?"

"அப்பா எண்டு சொன்னனான்."

புளியங்குளம் வந்ததும் அவனே சொன்னான். "பகிடிக்குச் சொல்லேல்லை, அப்பா. சுமித்திராதான் அந்த வேலைக்குச் சரி. ஆலையை அவா நிமித்திப்போடுவா. எனக்கு இப்ப இருக்கிற வேலை காணும்."

என் பிள்ளை அப்படிப் பேசமாட்டான். அவனுடைய வாய்க்குள் யாரோ அதை வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு நேர்முகம், சுமித்திராவும் பிரதாபனும் மட்டும், வெள்ளிக்கிழமை என்று தொலைபேசியில் சொன்னபோது எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. முடிவை எடுத்துவைத்துக்கொண்டு எங்களை அலைக்கழிக்கிறார்கள்.

யானைவேலியைப் பற்றிக் கேட்டீர்கள். காட்டோரமாக ஓடும் மின்சாரவேலி அது. அதன் பெட்டி என் வளவில் இருக்கிறது. பூட்டின் திறப்பு என் இடுப்பில். பொழுதுபட நான் சுவிட்சைப் போட்டால் பெட்டியில் சிவப்பு வெளிச்சம் எரியும். விடிய நிறுத்துவேன். ஊர் என்னை நம்பித் தந்த வேலை. வேலி வருமுன் காவலுக்குப் போகிறவர்கள் மரத்தில் பரண் கட்டிப் படுத்தார்கள். வேலி வந்தபின் ராசு பரணைப் பிரித்துவிட்டு வயலில் தரைக்கொட்டில் போட்டான். நெல் முற்றியிருந்தது. ஒரு தனியன் யானை அந்தப் பக்கம் சுற்றித் திரிவதாக எல்லோரும் கதைத்தார்கள்.

திங்கட்கிழமை பின்னேரம் ராசு என் படலையடியால் போனான். "காவலுக்கோ?" என்று கேட்டேன்.

"ஆமாங்க ஐயா. தனியன் நிக்குதுன்னு சொல்றாங்க."

"வேலி இருக்குத்தானே. பயப்பிடாமல் படு."

"ஐயா இருக்கிறப்ப எனக்கு என்னங்க பயம்" என்று சிரித்துக்கொண்டு போனான்.

அன்று நான் சுவிட்சைப் போடவில்லை. பிரதாபன் வெளிச்சம் இல்லாததைக் கண்டு கேட்டான். வேலிப் பற்றரியில் சார்ஜ் இறங்கிவிட்டது, காலையில் பார்ப்போம் என்றேன்.

விடிய ஆட்கள் வந்து, தனியன் ராசுவைக் கொட்டிலோடு மிதித்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். செத்தவீட்டில் நான்தான் முன்னுக்கு நின்றேன். பந்தல், பறை, விறகு எதிலும் குறை வைக்கவில்லை. பிரதாபன் பாடை தூக்கினான்; நான் தடுக்கவில்லை.

ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்கு வேண்டியது ராசுவின் உயிர் அல்ல, தம்பி. துடக்குத்தான். தகப்பன் செத்த வீட்டுப் பிள்ளை முப்பத்தோராம் நாள்வரை ஒரு நல்ல காரியத்துக்கும் படி தாண்டாது. என் தாய் செத்தபோது சொந்தத் தங்கையின் கலியாணத்தையே நான் தள்ளிவைத்தேன். நேர்முகத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்க சுமித்திராவுக்கு வாய் வராது. கேட்டாலும் கொழும்புப் பெரியவர் இன்னொரு நாள் கொடுக்கமாட்டார். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பிரதாபன் வரமாட்டேன் என்றான். ஒரு வார்த்தை சொன்னேன், வந்தான். விறாந்தையில் நுழைந்தால், சுமித்திரா இருக்கிறாள். அதே மூலை, அதே கதிரை. கண் வீங்கியிருந்தது. தலைமட்டும் ஒழுங்காக வாரி இழுத்திருந்தாள்.

"துடக்கு வீட்டுக்காரி இஞ்சை எப்பிடி வரலாம்?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதானே.

அவள் எழும்பி நின்று பதில் சொன்னாள். "அப்பா இந்த நாளைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர், ஐயா. வராமல் விட்டால்தான் எனக்குத் துடக்கு."

பிரதாபன் என்னைப் பார்த்தான். அன்று தேநீருக்கு நிற்காததால் விறாந்தையிலேயே சட்டை மாற்றிக்கொண்டிருந்தவன், கை ஒன்று உள்ளே ஒன்று வெளியே, அப்படியே நின்றான்.

"அப்பா, நான் அடுத்தநாள் பற்றரியைப் பாத்தனான். அது நல்லாத்தான் இருந்தது."

சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். உங்களிடம் வந்தான்.

சரி, எழுதுங்கள். வேலியை நிறுத்தி வைத்தவன் நான். தனியன் நிற்பது தெரியும். ராசு தரையில் படுப்பது தெரியும். தெரிந்துதான் படுக்கச் சொன்னேன். நான் பொய் சொல்லும் குடும்பத்தில் பிறக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். தகப்பனின் சாம்பல் ஆறுமுன் கந்தோருக்கு வந்து இருக்க ஒரு பிள்ளைக்கு எப்படி மனம் வந்தது என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் கேட்கிறீர்கள்.

சட்டையை நான் எடுத்து மடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பையில் இருக்கிறது. பிரதாபனிடம் கொடுத்துவிடுங்கள். அவள் துடக்கோடு வந்தவள் என்று நிறுவனக்காரர் அறிந்தால் நாலாம் நேர்முகம் ஒன்று வைக்காமல் விடமாட்டார்கள். பஸ்ஸில் அதைப் போட்டுக்கொண்டு போகவேண்டாம் என்று சொல்லுங்கள், கசங்கிவிடும்.