முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அறிவைப் பாதுகாப்பதைவிட மேலான கடமை மனிதனுக்கு இல்லை. அதனால்தான் என் கண்ணாடி அலுமாரியின் சாவியை இடுப்பு வாரிலேயே கோத்து வைத்திருக்கிறேன்.

பள்ளிவாசல் நிர்வாகிகளான உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு ஜெர்மன் பண்டிதர் தம் பாஷையில் எழுதிய அரபு இலக்கிய வரலாறு, மூன்று பாகங்கள், கண்டியில் என்னிடம் மட்டுமே உண்டு. பெரிய யுத்தத்தின்போது ஒரு ஜெர்மன் துரையின் தளபாடங்களை ஏலம் விட்டார்கள். நான் குளியல் தொட்டிக்குத்தான் கை தூக்கினேன். இவை அதற்குள் கிடந்தன. பதினாறு வருடமாக யார் எந்தக் கவிஞரைப் பற்றிக் கேட்டாலும் இரண்டாம் பாகத்தைத் தடவிவிட்டு, "ஜெர்மன்காரன் இத ஒத்துக்கொள்ளல்ல" என்பேன். திருப்தியாகப் போவார்கள்.

சென்ற மாதம் வத்தேகம சாஹுல் ஹமீது லெப்பை ஒரு காகிதக் கட்டோடு வந்தார். காலியிலிருந்து கண்டிவரை நம்மவர்கள் அரபில் இயற்றிய நூல்கள், இயற்றியவர்கள், பிரதி இருக்கும் வீடுகள். எல்லாம் அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில், அவர் கையெழுத்தில். இருபத்திரண்டு வருடம் நடந்து சேர்த்தது. வேறு பிரதி கிடையாது. அணிந்துரை கேட்டார். வாசித்தேன். பிழை தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. இது அச்சேறினால் சந்தேகம் கேட்பவர்கள் வத்தேகமவுக்கு ரயில் ஏறிவிடுவார்கள் என்பது மட்டும் விளங்கிற்று.

அரபு எழுத்துள்ள தாளைக் கால்படும் இடத்தில் போடலாகாது, ஓடும் தண்ணீரில் விட வேண்டும் என்பது நம் வழக்கம். நான் வழக்கத்தை மீறுகிறவன் அல்லன். தொழுகைக்குப் போல் கைகால் கழுவி உளூச் செய்துகொண்டு, மகாவலி ஆற்றில் ஒவ்வொரு தாளாக விட்டேன். கல்லில் சிக்கியவற்றைக் குடைக்கம்பால் தள்ளிவிட்டேன். அவமரியாதை எதுவும் நேரவில்லை.

லெப்பை வந்து காகிதக் கட்டைத் திருப்பிக் கேட்டார்.

"எல்லாத்தையும் ஜெர்மன்காரன் முந்தியே எழுதி ஈக்கி, லெப்பை. ரெண்டு தரம் எதுக்கு? கண்ணியமா ஆத்துல உட்டுட்டன்."

லெப்பை கதிரையில் உட்கார்ந்தார். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ். அப்ப எண்ட வாப்பாட பேரும் அதுல ஈக்கா, ஹாஜியார்?" என்றார்.

"ஈக்கி. மூணாம் பாகம், முன்னூத்திப் பன்னெண்டாம் பக்கம்."

"மவுத்தாக முந்தி ஒருக்காக் கண்ணால பாக்கோணும்."

அந்தப் பக்கத்தைத்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் எல்லோர் முன்னும் காட்டச் சொல்லி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கொண்டு வருகிறேன். செய்ததெல்லாம் புலமையின் மானத்துக்காகவே. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பக்கங்களைப் பிரிக்க ஒரு கத்தி மட்டும் எடுத்து வையுங்கள். மூன்று பாகங்களிலும் தாள்களின் மடிப்பு, அச்சகத்திலிருந்து வந்தபடியே, இன்னும் வெட்டப்படாமல் இருக்கிறது.