கொளஞ்சி ஒடச்ச கொடம்

ஓட்டங்கரைக்குக் கெழக்க இப்ப தண்ணி நிக்குதே ஒரு பள்ளம், அது சுண்ணாம்புக்கல்லு குவாரியா இருந்த காலத்துல நடந்தது இது. அதுக்கும் ரொம்ப முந்தி அங்க கடலே இருந்துச்சாம். சிரிக்காதீங்க, கல்ல ஒடச்சா உள்ள சிப்பி இருக்கும், போயிப் பாருங்க. மேல வெள்ளக்கல்லு, அதுக்கடியில வழவழன்னு சாம்பக் களிமண்ணு, மறுபடி கல்லு. அந்தக் களிமண்ணுலதான் எமன் படுத்திருந்தான்னு சொல்லுவாங்க.

குவாரியில முப்பது பேரு கல்லு வெட்டுனாங்க. அவங்களுக்குத் தண்ணி ஊத்துறவ கொளஞ்சி. செவுத்துல கசியிற ஊத்துல அஞ்சு மண்கொடம் புடிச்சு வச்சு, கேக்குறவங்களுக்கு மோந்து குடுப்பா. கண்ணாடி மாதிரி இருக்குமாம் அந்தத் தண்ணி. அவ புருசன் சோலமுத்தும் அங்கதான் சம்மட்டி அடிச்சான்.

ஒரு சித்திர மாசம், உச்சி வெயிலு. ஊத்துத் தண்ணி கலங்கி வருது. கையில அள்ளிப் பாத்தா சாம்பக் கலரு. இது என்னன்னு இவளுக்குத் தெரியும். ஏன்னா இவ அப்பன் கெணறு வெட்டுறவன். ஊத்து இப்படிக் கலங்கி, செத்த நேரத்துல கெணறு சரிஞ்சு, அவன் உள்ள போனதக் கண்ணால பாத்தவ இவ.

ஓடிப்போயி மேஸ்திரிகிட்ட சொன்னா. களிமண்ணு கரையுது, செவுரு நவுரப்போவுது, எல்லாரையும் மேல ஏத்துங்கன்னா. வெயில்ல ஊத்து வத்துனா கலங்கத்தான் செய்யும், போயி வேலையப் பாருன்னுட்டான் அந்தாளு. ஒவ்வொருத்தன்கிட்டயும் கெஞ்சுனா. ஒருத்தனும் நிமிரல. மேலருந்து பொடிக்கல்லு உருளுது. பொட்டு பொட்டுன்னு உருளுது.

என்ன பண்ணுனா தெரியுமா? ஒரு சம்மட்டிய எடுத்தா. ஒரு கொடத்த ஒடச்சா. ரெண்டாவத ஒடச்சா. அஞ்சையும் ஒடச்சுட்டா. அந்த வெயில்ல தண்ணி இல்லாம எவன் கல்லு வெட்டுவான்? சொல்லக்கூடாத பேச்செல்லாம் பேசிக்கிட்டு, ஏரியில தண்ணி குடிக்க எல்லாரும் மேல ஏறுனானுங்க. மேஸ்திரியும் ஏறுனான்.

சோலமுத்து மட்டும் ஏறல. அவனுக்கு நாலு பேரு முன்னாடி மானம் போச்சு.

"உசுரோட இருக்கறவனுக்குக் கொடம் ஒடைக்கிறியாடி?"ன்னான்.

"அப்பறமா என்னையக் கொல்லு. இப்ப மேல வாய்யா"ன்னு கையப் புடிச்சு இழுத்தா.

ஒதறித் தள்ளிட்டான். நீ கெடுத்த வேலைய நானே முடிக்கிறேன்னு சம்மட்டியத் தூக்கிட்டான். ரெண்டு பேரக் கூட்டியாந்து இவனத் தூக்கிட்டாவது போயிரலாம்னு அவ ஓடுனா. பாதி ஏத்தம்கூட ஏறியிருக்க மாட்டா. பின்னால செவுரு பூராவும் அப்படியே வழுக்கிச்சு. சத்தம் அதுக்கப்பறந்தான் வந்துச்சாம்.

இருபத்தொம்போது பேரு பொழச்சாங்க. சோலமுத்து ஒடம்பு கெடைக்கவே இல்ல. பொணம் இல்லாமலே காரியம் பண்ணுனாங்க. மொறைக்கு ஒடைக்கணுமேன்னு ஒரு கொடம் கொண்டாந்தாங்க. கொளஞ்சி அத வாங்கிக் கீழ வச்சா.

"அவருக்கு நான் ஏற்கனவே ஒடச்சுட்டேன். உங்க எல்லாருக்கும் சேத்துத்தான் ஒடச்சேன். இனிமே இந்த ஊர்ல யாருக்கும் ஒடைக்க வேணாம்."

அன்னைலருந்து ஓட்டங்கரையில சாவுக்குக் கொடம் ஒடைக்கிறதில்ல. நெறகொடமாக் கொண்டுபோயி அந்தப் பள்ளத்து மேட்டுல வச்சுட்டு வருவோம். வைக்கிறதுக்கு முந்தி ஒரு கை தண்ணி அள்ளிப் பாப்போம், தெளிஞ்சிருக்கான்னு.