நைகார்ட் வீட்டில் ஏழு பேர்

போன ஏப்ரல் முதல் வாரம். இரவு எட்டு மணி. நாலு மைல் சரளைச் சாலையில் ஒரே ஒரு கார்...

"ஓட்டினது என் பொண்டாட்டியோட தங்கச்சி வாண்டா," என்றான் எல்ராய்.

உறைந்த ஏரியின் மேல் மீன்பிடிக் கொட்டகை. பனிக்கட்டியில் வெட்டிய துளையைச் சுற்றி நாலு பேர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"போன வருஷம் பறக்கும் தட்டைப் பாத்தவதானே?" என்றான் டுவேன்.

"நீ தூண்டிலைப் பாரு."

அந்த டவுன்ஷிப் என்கிற சின்ன ஊராட்சி ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம். அளந்தவர்கள் கச்சிதமாகத்தான் அளந்திருந்தார்கள், மக்கள்தான் உதிர்ந்துபோனார்கள். மிச்சம் நாற்பத்து மூன்று பேர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐம்பதுக்குக் கீழே போனால் பக்கத்து டவுன்ஷிப்போடு சேர்த்துவிடுவார்கள். தலைவர் கெர்ஹார்ட் ஊஸ்ட்பிக்கு அதைவிடச் சாவு மேல். முப்பத்தொரு வருஷத் தலைவர். ஆறு பேர் வரும் கூட்டத்தை அமைதிப்படுத்த வால்நட் மரத்தில் சுத்தியல் செய்து வைத்திருந்தவர்.

நைகார்ட் என்பவன் ஒருமுறை அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றான். அந்தக் குளிர்காலம் முழுக்க, பனி வாரும் வண்டி நைகார்ட் சாலையின் முனைவரை வந்து திரும்பிப்போனது. தலைவரின் உத்தரவு. எரிபொருள் வண்டியும் உள்ளே போக முடியவில்லை. ஜன்னல் இடுக்குகளில் துணியை அடைத்துக்கொண்டு, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி ஏழு பேர் படுத்தார்கள். எழுந்திருக்கவில்லை. சவ அடக்கத்தில் கெர்ஹார்ட் இருபது நிமிஷம் உருக்கமாகப் பேசினார்.

இப்போது கணக்குக்குச் சரியாக ஏழு பேர் குறைந்தது.

கெர்ஹார்ட் பட்டப்பகலிலேயே போய் அந்தக் காலி வீட்டு முற்றத்துக் கம்பத்தில் விளக்கைப் போட்டுவிட்டு வந்தார். கணக்கெடுக்க வருகிறவர்கள் தூரத்தில் வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே அதுதான் வழக்கம். கணக்கெடுக்க வந்த வாண்டா வெளியூர்க்காரி, வேலைக்குப் புதுசு, நைகார்ட் கதை தெரியாது. நேரே போய்க் கதவைத் தட்டினாள்.

ஒன்பது மணிக்குக் கெர்ஹார்ட் வீட்டுச் சமையலறையில் வந்து நின்றாள்.

"முடிஞ்சுது தலைவரே. நைகார்ட் வீட்டுல ஏழு பேர்."

கெர்ஹார்ட் சிரித்தார். "லைட்டைப் பாத்தியாம்மா?"

"லைட்டா? உள்ள உக்காந்து காபி குடிச்சேன். ஆறிப்போன காபி. வீடு பூரா மண்ணெண்ணெய் வாசனை... ஜன்னலையாவது திறங்கன்னு சொன்னேன். திறக்க வராதுன்னாங்க."

கெர்ஹார்ட் கையிலிருந்த கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"அந்த வீட்டம்மா உங்களைத்தான் விசாரிச்சாங்க," என்றாள் வாண்டா. "பனி வண்டி எப்ப வரும்னு. அப்புறம், கடைசியில ஒரு வரியைக் காலியா விடு, இன்னொருத்தர் வரணும்னாங்க. வரப்போறவங்களை எல்லாம் எழுதக் கூடாதுன்னுட்டேன்."

படிவங்களை அங்கேயே உறையில் போட்டு ஒட்டினாள். கெர்ஹார்ட் எழுந்தார். கோட்டை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"லைட்டை அணைக்கணும்."

அன்றிரவு பனி பெய்தது. காலையில் அவருடைய வண்டி நைகார்ட் சாலை முனையில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காலடித் தடங்கள் வீட்டு வாசல்வரை போயிருந்தன... ஒரு பக்கமாக மட்டும். உள்ளே தூசியும் எலிப் புழுக்கையும்தான்.

"ஓடிப்போயிருப்பான் கிழவன்," என்றான் டுவேன். குரலில் வேகமில்லை.

எல்ராய் ஹீட்டரைக் குறைத்தான். யாரும் கேட்காமலே கொட்டகைக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தான்.

டவுன்ஷிப் பிழைத்துக்கொண்டது. கெர்ஹார்ட் பெயரை நீக்கிய பிறகு நாற்பத்து இரண்டு, நைகார்ட் வீட்டு ஏழோடு நாற்பத்தொன்பது. ஆனாலும் மொத்தம் ஐம்பது என்றே அறிவிப்பு வந்தது. வாண்டாவுக்குக் கூட்டல் உதைத்தது. அலுவலகத்துக்குப் போய் நைகார்ட் வீட்டுப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள்.

எட்டு வரி இருந்தது. எட்டாவதும் அவள் கையெழுத்துதான். கெர்ஹார்ட் ஊஸ்ட்பி, வயது அறுபத்தெட்டு.

இவர் எப்போதாவது வேறு இடத்தில் தங்குவதுண்டா என்ற கேள்விக்கு நேரே ஒரு சொல் எழுதியிருந்தது.

இல்லை.