கிடைக்கக்கூடாத வேலை

தோட்டவெளியில் நான் மன்னார் பஸ் ஏறியபோது முன் சீற்றில் இரண்டு பெட்டைகள் இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் லப்டொப். மற்றவள் யன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்:

"உனக்கு இந்த வேலை கிடைக்கக்கூடாதெண்டு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்."

லப்டொப்காரி நிமிரவில்லை. "கொளுத்தினது கொளுத்தினதுதான். நாளைக்குக் கொழும்பில இன்டர்வியூ. ஒரு கேள்வி கேளன்."

"ரெண்டு பேரும் ஒண்டாப் படிச்சு ஒண்டா அப்ளை பண்ணினனாங்கள். உன்னை மட்டும் கூப்பிட்டிருக்கிறாங்கள். கேள்வியும் நான் கேக்கோணுமோ?"

"கேளடி."

ஒரு புரோகிராம் எழுதச் சொல்லிக் கேட்டாள். லப்டொப்காரி கொஞ்சநேரம் தட்டிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். மற்றவள் எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க நிக்கும்? நிப்பாட்டச் சொல்லி ஒரு வரியும் எழுதேல்லை. விடியவிடிய ஓடிக்கொண்டிருக்கும். எத்தினை தரம் காட்டித் தந்தனான்!"

"ஓம்."

"உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும்."

"ஓமடி, அது எனக்கும் தெரியும்." லப்டொப்பை மூடினாள். "போன மாதம் ரெண்டு பேரும் மடுக் கோயிலுக்கு நடந்து போனமெல்லோ? இன்டர்வியூவுக்கு உன்னைக் கூப்பிடக்கூடாதெண்டுதான் நான் மாதாவிட்டக் கேட்டனான்."